மீன் குளத்துக்கு மூலிகைத் தீவனம்: எப்போது, எதை, எவ்வளவு

புதிதாக மீன் வளர்க்க இறங்கியவர்கள் மூலிகையைப் பற்றிக் கேட்பது பெரும்பாலும் மீன் செத்து மிதக்க ஆரம்பித்த பிறகுதான். மஞ்சள் போடலாமா, பூண்டு அரைத்து ஊற்றலாமா, வேப்பிலையைக் கட்டி முக்கலாமா என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான்: இப்போது வேண்டாம், முதலில் தண்ணீரைப் பாருங்கள். துவண்டு போன மீன் தீவனத்தைத் தொடாது. தொடாத தீவனத்தில் எதைக் கலந்து என்ன பயன்? அது குளத்தின் அடியில் போய் அழுகி, இருக்கிற கொஞ்ச ஆக்சிஜனையும் தின்றுவிடும்.

மூலிகைத் தீவனம் பலன் தருவது, கஷ்ட காலம் வருவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே கொடுக்க ஆரம்பித்தால்தான். மீன்களை வைத்து நடந்த ஆய்வுகளிலும் பெரும்பாலும் இப்படித்தான் செய்திருக்கிறார்கள்: சில வாரங்கள் மூலிகை கலந்த தீவனம், அதன் பிறகு நெரிசலோ வெப்பமோ நோய்க்கிருமியோ கொடுத்துப் பார்ப்பது. ஆகவே இந்தக் கட்டுரையில் மூலிகைக்கு எவ்வளவு இடம் உண்டோ அவ்வளவு இடம் காலண்டருக்கும் உண்டு.

கணக்குச் சொல்ல வசதியாக ஒரு குளத்தை வைத்துக்கொள்வோம். 25 சென்ட் பண்ணைக்குட்டை, அதாவது சுமார் 1,000 சதுர மீட்டர். 1,000 குஞ்சுகள் விட்டிருக்கிறீர்கள். கட்லா, ரோகு, மிர்கால் கலந்தோ, கிஃப்ட் திலேப்பியா (வேகமாக வளரத் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய திலேப்பியா வகை) மட்டுமாகவோ இருக்கலாம். கிஃப்ட் திலேப்பியா வளர்க்க மீன்வளத் துறையின் அனுமதி வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

மீனுக்கு அயர்ச்சி வந்தால் என்ன ஆகிறது

அயர்ச்சி என்று நான் சொல்வது ஆங்கிலத்தில் ஸ்ட்ரெஸ் என்பார்களே, அதை. வலையில் மாட்டிய மீனின் உடம்பில் சில நிமிடங்களிலேயே கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறுகிறது. கூடவே ரத்தத்தில் சர்க்கரையும் ஏறுகிறது. தப்பித்து ஓட உடம்பு தரும் அவசரச் சக்தி அது. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டால் பாதகமில்லை. நாள் கணக்கில் நீடித்தால்தான் வம்பு. பசி குறையும், வளர்ச்சி நிற்கும், நோய் எதிர்ப்புச் சக்தி இறங்கும். ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியா குளத்துத் தண்ணீரில் எப்போதும் இருப்பதுதான். நல்ல மீனை அது ஒன்றும் செய்வதில்லை. அயர்ந்த மீன்தான் அதற்கு வழி விடுகிறது. அதனால்தான் வலை போட்ட அன்று நன்றாக இருந்த மீன் நாலாம் நாள், ஐந்தாம் நாள் துடுப்படியில் சிவந்து சாகிறது. முந்தைய வாரம் நடந்ததை யாரும் இதோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

அடையாளங்களைக் கண்ணால் பிடிக்கலாம். விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து மூடுவது, தண்ணீர் விழும் மூலையில் கூட்டமாக அடைவது, நேற்று பதினைந்து நிமிடத்தில் தின்ற தீவனம் இன்று அரை மணி நேரம் ஆகியும் மிதப்பது, உடம்பில் சளி கூடிப்போவது, திலேப்பியாவாக இருந்தால் நிறம் கறுப்பது. இதில் தீவனம் தின்னும் நேரம்தான் எனக்கு முதல் அளவுகோல். அதற்குக் கருவி எதுவும் வேண்டாம், கைபேசியில் மணி பார்த்தால் போதும். ஆரம்ப நாளிலிருந்தே இதைக் குறித்து வையுங்கள்.

முதல் படி: காலண்டரில் குறியுங்கள்

குளத்து மீனுக்கு வரும் அயர்ச்சியில் பாதிக்கு மேல் நமக்கு முன்னாலேயே தெரிந்ததுதான்.

வடகிழக்குப் பருவமழைதான் இதில் பெரியது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நாலு நாள் சேர்ந்தாற்போல மேகம் மூடிக்கொண்டால், பாசிக்கு வெயில் இல்லாமல் ஆக்சிஜன் உற்பத்தி படுத்துவிடும். மழைநீர் சேரச் சேரக் காரத்தன்மை குறையும், பி.எச். (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் அளவு) இறங்கும், தண்ணீரும் குளிரும். கெண்டை மீன்களைப் புண் புண்ணாக்கும் கொள்ளை நோய், 1988இல் இந்தியாவுக்குள் வந்த அந்தப் புண் நோய், தலைதூக்குவது இப்படி மழை பெய்து குளிர் தொடங்கும் காலத்தில்தான். ஆகவே செப்டம்பர் நடுவிலேயே மூலிகைத் தீவனத்தைத் தொடங்கிவிட வேண்டும். முதல் மழை விழுந்த பிறகு நாட்டு மருந்துக் கடைக்கு ஓடுவதில் அர்த்தமில்லை.

அடுத்தது ஏப்ரல், மே. தண்ணீர் மட்டம் குறைந்து, மதியம் தண்ணீரின் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும்போது ரோகு, கட்லா இரண்டும் சோர்ந்துவிடும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் கரைவதும் குறைவு, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் நச்சும் அதிகம். இதற்கு மார்ச் நடுவில் ஆரம்பியுங்கள்.

மூன்றாவது, நீங்களே தேதி குறிக்கும் வேலைகள்: பெரிய வலை இழுப்பது, பாதி அறுவடை, ஒரு குளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது. இவற்றுக்கு 21 நாள் முன்பு தொடங்கினால் சரியாக இருக்கும்.

குஞ்சு வந்து இறங்கும் நாள் மட்டும் சிக்கலானது. ஆக்சிஜன் பையில் அடைத்துப் பல மணி நேரம் குலுங்கி வருவதை விடப் பெரிய அயர்ச்சி அந்தக் குஞ்சுக்குக் கிடையாது. ஆனால் அதற்கு முந்தைய மூன்று வாரம் அது உங்கள் கையில் இல்லை. இங்கே கைகொடுப்பது பழைய முறைதான். பையைப் பிரிக்காமல் 15 முதல் 20 நிமிடம் குளத்தில் மிதக்க விட்டு, பிறகு குளத்து நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, குஞ்சு தானாக நீந்தி வெளியேற விட வேண்டும். வெயில் ஏறிய பிறகு விடாதீர்கள். முடிந்தவர்கள் குஞ்சை முதலில் ஹாப்பா வலைக்குள், அதாவது குளத்திலேயே கட்டிய மெல்லிய வலைப் பெட்டிக்குள், ஒரு மாதம் வளர்த்து, அந்த மாதத்தில் மூலிகைத் தீவனம் கொடுத்து, பிறகு குளத்தில் விடலாம். எனக்குப் பிடித்த வழி இதுதான். குஞ்சு எத்தனை பிழைத்தது என்ற எண்ணிக்கையும் கையில் கிடைக்கும்.

இரண்டாம் படி: தண்ணீர்

இதைத் தாண்டி யாரும் மூலிகைக்குப் போக வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மீன் நிம்மதியாக இருக்கும். 3க்குக் கீழே இறங்கினால் எந்த மூலிகையும் காப்பாற்றாது. ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது விடியலுக்குச் சற்று முன்; அளப்பதாக இருந்தால் அப்போது அளக்க வேண்டும், பகல் பன்னிரண்டு மணிக்கு அளந்து திருப்திப்படக் கூடாது. பி.எச். 7.5க்கும் 8.5க்கும் இடையில் இருந்தால் நல்லது. அம்மோனியா பார்க்கும் சோதனைப் பெட்டி மீன் தீவனக் கடைகளிலேயே கிடைக்கிறது, பி.எச். கூடும்போது அதே அளவு அம்மோனியா பல மடங்கு விஷமாகும் என்பதால் இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

மழைக்காலத்துக்கு முன் பி.எச்.சும் காரத்தன்மையும் குறைவாக இருந்தால், நம் 25 சென்ட் குளத்துக்கு 20 முதல் 25 கிலோ வேளாண் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துப் பரவலாகத் தெளிக்கலாம். சுட்ட சுண்ணாம்பை மீன் இருக்கும் குளத்தில் அப்படியே கொட்டக் கூடாது, பி.எச். சட்டென்று ஏறிவிடும். மேகமூட்டமான காலையில் தீவனத்தைக் குறைப்பதும், தேவைப்பட்டால் நிறுத்துவதும், தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரை விடியற்காலையில் ஓட்டுவதும் எந்த மூலிகையை விடவும் பெரிய உதவி.

மூன்றாம் படி: எந்தச் செடி

பட்டியல் போட்டால் ஐம்பது வரும். துளசி, சீந்தில், அறுகம்புல், கருஞ்சீரகம், நாயுருவி, கீழாநெல்லி என்று நம் ஊர்ச் செடிகள் பலவற்றை மீனில் சோதித்திருக்கிறார்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது நாலே நாலு. எளிதில் கிடைக்கும், விலை கட்டும், அளவு தவறினாலும் உடனே ஆபத்து இல்லை.

பூண்டு. ரோகு குஞ்சுகளுக்கு ஒரு கிலோ தீவனத்துக்கு 1, 5, 10 கிராம் என்ற அளவுகளில் பூண்டு கொடுத்து, பிறகு ஏரோமோனாஸ் கிருமியைச் செலுத்திப் பார்த்த ஆய்வில், பூண்டு தின்ற மீன்கள் அதிகம் பிழைத்தன. பூண்டின் வாசம் மீனை இழுக்கும் என்பது இன்னொரு லாபம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பூண்டின் வீரியமான அல்லிசின் முழுப் பல்லில் இல்லை. பல்லை நசுக்கும்போதுதான் உள்ளே இருக்கும் ஒரு நொதி அதை உண்டாக்குகிறது. ஆகவே வேகவைத்துப் பிறகு நசுக்கினால் ஒன்றும் மிஞ்சாது. பச்சையாக நசுக்கி, பத்து நிமிடம் அப்படியே வைத்து, பிறகு கலந்து, அன்றே கொடுத்துவிட வேண்டும். கிலோவுக்கு 10 முதல் 15 கிராம் பச்சைப் பூண்டு போதும். பூண்டில் பாதிக்கு மேல் தண்ணீர்தான் என்பதால், காய்ந்த கணக்கில் இது 5 கிராம் அளவுக்குத்தான் வரும்.

மஞ்சள். இதன் வீரியப் பொருளான குர்குமின் 2 முதல் 5 சதவீதம். அது தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். அதனால் மஞ்சளை எப்போதும் எண்ணெயோடு சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். கிலோ தீவனத்துக்கு 5 கிராம். கடையில் விற்கும் பளபளப்பான பொடி வேண்டாம். நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலக்கும் மோசடி மஞ்சளில் பழையது, ஈயம் மீன் உடம்பிலும் தங்கும். ஈரோட்டு விரலி மஞ்சளை முழுசாக வாங்கி மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள்.

அமுக்கரா. அசுவகந்தா என்று விளம்பரங்களில் வருவது இதன் கிழங்குதான். மனிதர்களுக்கு அயர்ச்சி நீக்க நம் மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்படுவது; ரோகு மீன்களில் கிலோ தீவனத்துக்கு 2 கிராம் கிழங்குப் பொடி கலந்து கொடுத்துப் பார்த்த ஆய்வில் எதிர்ப்புச் சக்தி கூடியது. அளவை ஏற்றினால் பலனும் ஏறும் என்று நினைக்க வேண்டாம், 2 கிராமோடு நிறுத்துங்கள். நாட்டு மருந்துக் கடையில் கேட்கும்போது கவனம். "அமுக்கரா கொடுங்க" என்றால் பல கடைகளில் அமுக்கரா சூரணத்தை எடுத்துக் கொடுப்பார்கள். அதில் மிளகு, திப்பிலி, சுக்கு, கிராம்பு, ஏலம், சர்க்கரை எல்லாம் சேர்ந்திருக்கும். நமக்கு வேண்டியது தனிக் கிழங்குப் பொடி. இன்னும் நல்லது, காய்ந்த கிழங்காகவே வாங்கி அரைப்பது.

நெல்லிக்காய். பெரும்பாலான மீன்களால் வைட்டமின் சியைத் தாமே உடம்பில் தயாரிக்க முடியாது, தீவனத்திலிருந்துதான் வர வேண்டும். அயர்ச்சியின்போது உடம்பு அதைத்தான் வேகமாகச் செலவழிக்கிறது. பெரிய நெல்லியைக் கொட்டை நீக்கிச் சீவி நிழலில் உலர்த்திப் பொடித்து, கிலோவுக்கு 5 கிராம் சேர்க்கலாம். உலர்த்தும்போது கொஞ்சம் வைட்டமின் போகும், வேகவைத்தால் இன்னும் போகும்.

முருங்கை இலையைக் கேட்பார்கள். நல்லதுதான். ஆனால் அதை மருந்தாக அல்ல, தீவனப் பொருளாக எண்ணுங்கள். நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் ஏற்ற வேண்டாம். இலையில் இருக்கும் சபோனின், டானின் இரண்டும் மீனின் செரிமானத்தைக் கெடுத்து வளர்ச்சியைக் குறைக்கும்.

நாலையும் ஒரே நேரத்தில் கொட்டுவதும் தேவையில்லை. மழைக்கு முன்பு மஞ்சளும் பூண்டும், வலை இழுப்புக்கு முன்பு அமுக்கராவும் நெல்லியும் என்று இரண்டிரண்டாக வைத்துக்கொண்டால், எது உதவியது என்று உங்களுக்கே ஒரு கணிப்பு வரும்.

நான்காம் படி: உலர்த்துவதும் பொடிப்பதும்

மூலிகையில் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். ஈரம் போகாத பொடியில் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் வரும். அது மீனின் ஈரலைத் தின்னும் நஞ்சு. அயர்ச்சியைப் போக்கக் கொடுப்பதே அயர்ச்சியாகிவிடும். நிழலில், காற்றோட்டமான இடத்தில், துணி விரித்து உலர்த்துங்கள். நெல்லித் துண்டை விரலால் ஒடித்தால் வளையாமல் 'டக்' என்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் இரண்டு நாள். ஐப்பசி மழையில் இது காயவே காயாது. அதற்கும் சேர்த்துத்தான் ஆவணியிலேயே வேலையை முடித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

அரைத்த பிறகு மெல்லிய பருத்தித் துணியில் சலியுங்கள். கொரகொரப்பான பொடி தீவனத்தில் ஒட்டாமல் உதிரும். சலித்த பொடியை மூடி இறுகிய டப்பாவில் போட்டு, அரைத்த தேதியை எழுதி ஒட்டி வையுங்கள். ஒரு பருவத்துக்கு வேண்டியதை மட்டும் அரைப்பது நல்லது.

எவ்வளவு வேண்டும்? விட்ட 1,000இல் 800 மீன் பிழைத்திருக்கிறது, சராசரி எடை 250 கிராம் என்று வைத்தால் குளத்தில் 200 கிலோ மீன் இருக்கிறது. உடல் எடையில் 2.5 சதவீதம் தீவனம் என்றால் நாளுக்கு 5 கிலோ. மஞ்சள் நாளுக்கு 25 கிராம், 28 நாளுக்கு 700 கிராம். அமுக்கரா நாளுக்கு 10 கிராம், 21 நாளுக்கு 210 கிராம். ஒரு மூட்டைத் தீவனத்தின் விலையோடு ஒப்பிட்டால் இது பெரிய செலவில்லை. எடைக்கு நகைக்கடைத் தராசு போன்ற சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். ஒரு பிடி, இரண்டு சிட்டிகை என்று அளந்தால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மருந்தாகிவிடும்.

ஐந்தாம் படி: தீவனத்தில் ஏற்றுவது

கடைத் தீவனம், அதாவது மிதக்கும் உருண்டைத் தீவனம் போடுபவர்களுக்கு முதலில். 5 கிலோவுக்கான முறை இது.

1. இரண்டு கைப்பிடி அரிசி நொய்யைக் குழைய வேகவைத்து, வடிகட்டி, கெட்டியான கஞ்சி அரை லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்குக் கீழே ஆறட்டும். சுடச்சுடக் கலந்தால் பூண்டும் நெல்லியும் வீணாகும்.

2. நசுக்கி வைத்த பூண்டையோ, அமுக்கரா, நெல்லிப் பொடியையோ அந்தக் கஞ்சியில் கட்டியில்லாமல் கரையுங்கள்.

3. நிழலில் தார்ப்பாய் விரித்துத் தீவனத்தைப் பரப்பி, கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, இரண்டு கையாலும் அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள். ஒரே இடத்தில் ஊற்றினால் அந்த உருண்டைகள் ஊறி உடைந்துவிடும்.

4. ஒரு மணி நேரம் நிழலில் காயவிடுங்கள்.

5. கடைசியாக எண்ணெய். 100 முதல் 150 மில்லி மீன் எண்ணெய், கிடைக்காவிட்டால் தவிட்டெண்ணெய். மஞ்சள் கொடுக்கும் காலத்தில் மஞ்சள் பொடியை இந்த எண்ணெயில் குழைத்துத் தடவுங்கள். எண்ணெய்ப் பூச்சு மேலே இருப்பதால் உள்ளே இருக்கும் கஞ்சி தண்ணீரில் சட்டென்று கரையாது. இன்னொரு அரை மணி நேரம் உலர்ந்தால் தயார்.

குளத்துக்குக் கொண்டுபோகும் முன் ஒரு சோதனை. கண்ணாடி டம்ளரில் குளத்துத் தண்ணீரை எடுத்து, பத்துப் பதினைந்து உருண்டைகளைப் போட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். மேலாக லேசான எண்ணெய்ப் படலம், தண்ணீரில் வெளுத்த மஞ்சள் சாயல், அவ்வளவுதான் என்றால் நன்றாக ஒட்டியிருக்கிறது. அடியில் பொடி படிந்து, தண்ணீர் சாம்பார் நிறத்துக்கு மாறினால் உங்கள் மூலிகை குளத்துக்குத்தான் போகிறது, மீனுக்கு இல்லை. கஞ்சி நீர்த்திருக்கும், அல்லது காயவிட்ட நேரம் போதாது. முட்டை வெள்ளைக்கருவைக் கஞ்சிக்குப் பதிலாகப் பயன்படுத்துபவர்களும் உண்டு. நன்றாகவே பிடிக்கும், செலவு மட்டும் கூடும்.

தவிடும் கடலைப் புண்ணாக்கும் போடுபவர்களுக்கு வேலை எளிது. புண்ணாக்கை முதல் நாள் இரவே தனியாக ஊறவைத்து, காலையில் தவிட்டோடு மூலிகைப் பொடியை உலர்ந்த நிலையிலேயே கலந்து, பிறகு ஊறிய புண்ணாக்கைச் சேர்த்துப் பிசைந்து உருண்டை பிடித்துத் தட்டிலோ, ஓட்டை போட்ட சாக்குப் பையிலோ கட்டித் தொங்கவிடலாம். தண்ணீரில் வாரி இறைத்தால் மூலிகை எங்கே போனது என்றே தெரியாது. புண்ணாக்கில் பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சை தெரிந்தால் அந்த மூட்டையையே ஒதுக்குங்கள்.

கலந்த தீவனத்தை அன்றே தீர்த்துவிட வேண்டும். நாளைக்கு என்று எடுத்து வைத்தால் எண்ணெய் சிக்கடிக்கும்.

ஆறாம் படி: கொடுப்பது

முதல் இரண்டு நாள் பாதி அளவு மூலிகை. அமுக்கராவின் கசப்பை மீன் முதலில் துப்பும், பிறகு பழகிக்கொள்ளும். நாளுக்கு இருவேளைத் தீவனம் என்றால் இருவேளையும் கலந்தே கொடுங்கள். காலையில் வெயில் ஏறி ஆக்சிஜன் கூடிய பிறகு, அதாவது எட்டு ஒன்பது மணிக்கு மேல். தினமும் எத்தனை நிமிடத்தில் தின்று முடித்தது என்று குறித்து வாருங்கள். மூன்றாம் நாளும் தயக்கம் தெரிந்தால் மூலிகையைக் குறைத்து, பூண்டைச் சேர்த்துப் பாருங்கள்.

வலை இழுக்கும் நாளுக்கு முந்தைய 24 மணி நேரம் எந்தத் தீவனமும் வேண்டாம், மூலிகைத் தீவனமும் வேண்டாம். வயிறு நிறைந்த மீனுக்கு ஆக்சிஜன் தேவை அதிகம், கழிவும் அதிகம். வலை முடிந்து மறுநாள் கால் பங்கிலிருந்து மெதுவாகத் தொடங்கி, அடுத்த ஒரு வாரமும் மூலிகையைத் தொடருங்கள். அப்புறம் நிறுத்திவிட்டு வெறும் தீவனத்துக்குத் திரும்பலாம். வருஷம் முழுக்கக் கொடுத்தால் வருஷம் முழுக்கப் பலன் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் பொருட்களைத் தொடர்ந்து நெடுநாள் கொடுக்கும்போது அந்தத் தூண்டல் மங்கிவிடுவதைப் பல மீன்களில் பார்த்திருக்கிறார்கள். இடைவெளி விட்டுக் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம், காசும் மிச்சம்.

ஏழாம் படி: ஹாப்பாவில் ஒப்பிட்டுப் பாருங்கள்

யார் சொன்னாலும், இந்தக் கட்டுரை சொன்னாலும், உங்கள் தண்ணீரில் பலன் இருக்கிறதா என்று நீங்களே பார்ப்பதுதான் நம்பிக்கை தரும். ஒரே குளத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஹாப்பா கட்டுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே அளவுள்ள 25 மீன். ஒன்றுக்கு மூலிகைத் தீவனம். மற்றதற்கு அதே தீவனம், அதே கஞ்சி, அதே எண்ணெய், மூலிகை மட்டும் இல்லாமல். கஞ்சியும் எண்ணெயும் இரண்டுக்கும் போக வேண்டும் என்பது முக்கியம். இல்லாவிட்டால் எண்ணெய் செய்த நல்லதை மூலிகையின் கணக்கில் எழுதிவிடுவோம்.

21 நாள் கழித்து இரண்டையும் ஒரே காலையில் தூக்கி, எடை பார்த்து, திரும்ப விடுங்கள். தூக்கியதும் எடை பார்த்ததும் தரும் அயர்ச்சிதான் சோதனை. அன்று மாலையும் மறுநாளும் கொஞ்சமாகத் தீவனம் போட்டு, எந்த ஹாப்பா முதலில் தின்ன வருகிறது, எவ்வளவு நேரத்தில் முடிக்கிறது என்று பாருங்கள். அடுத்த ஒரு வாரத்தில் செதில் உதிர்ந்தது, துடுப்பு சிவந்தது, செத்தது எத்தனை என்று எண்ணுங்கள். ஆய்வுக்கூடத்தில் கார்டிசாலும் ரத்தச் சர்க்கரையும் அளப்பார்கள்; நமக்கு மீனின் பசி போதும். இரண்டு ஹாப்பாவிலும் வித்தியாசம் இல்லையென்றால் அந்த மூலிகைக்குச் செலவழிக்கும் பணத்தை ஏரேட்டர் மின்கட்டணத்துக்குக் கொடுங்கள்.

கை வைக்கக் கூடாதவை

செடி என்றால் தீங்கில்லை என்ற எண்ணம் மீன் குளத்தில் ஆபத்தானது. இலுப்பைப் புண்ணாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். குஞ்சு விடும் முன் குளத்தில் இருக்கும் விரால், கெளுத்தி போன்ற களை மீன்களைக் கொல்வதற்கே அதை ஹெக்டேருக்கு 2,000 முதல் 2,500 கிலோ வரை போடுகிறோம். அதன் நஞ்சு இறங்க இரண்டு மூன்று வாரம் ஆகும். இறால் பண்ணைகளில் அதே வேலையைத் தேயிலை விதைப் புண்ணாக்கு செய்கிறது. இரண்டிலும் கொல்வது சபோனின்தான். மருக்காரைக் காயை இடித்துப் போட்டு மீன் மயக்கிப் பிடிப்பது கிராமங்களில் தெரிந்த விஷயம். ஆகவே பெயர் தெரியாத தழையை யாராவது "நல்ல மூலிகை" என்று கொண்டுவந்தால் குளத்துக்குள் போக விடாதீர்கள்.

வேம்பு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதற்குக் கிருமியை ஒடுக்கும் குணம் உண்டு, கட்டுப்படுத்தப்பட்ட அளவில் ஆய்வுகளும் உண்டு. ஆனால் அளவு கூடினால் வேம்பின் சாறு மீனின் செவுளையும் ரத்தத்தையும் பாதிக்கும். புதியவர்கள் தீவனத்திலும் சேர்க்க வேண்டாம், கொத்துக் கொத்தாகக் குளத்திலும் முக்க வேண்டாம். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கிலும் காசிபால் என்ற நச்சு இருக்கிறது, மாட்டுக்குப் போடுவதை மீனுக்குத் திருப்பிவிடாதீர்கள்.

கடையில் புட்டியில் வரும் திரவ மூலிகை டானிக்குகள் நிறைய இருக்கின்றன. வாங்குவதாக இருந்தால் லேபிளில் மூன்றைத் தேடுங்கள்: எந்தச் செடி, செடியின் எந்தப் பகுதி, கிலோ தீவனத்துக்கு எவ்வளவு. 'அரிய மூலிகைகளின் கலவை' என்று மட்டும் எழுதியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். இரண்டே நாளில் சாவு நிற்கும் என்று உறுதி சொல்லும் 'மூலிகை மருந்தை' அதைவிடச் சந்தேகப்பட வேண்டும். செடி அவ்வளவு வேகமாக வேலை செய்யாது, உள்ளே ஆன்டிபயாட்டிக் இருக்க வாய்ப்புண்டு. குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் வகைகள் மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை, அவற்றின் எச்சம் உங்கள் மீனைத் தின்பவர் தட்டுக்குப் போகும்.

மூலிகையால் முடியாதவையும் உண்டு. மீன் பேன் ஒட்டியிருந்தால், உடம்பில் ஆழமான புண் வந்திருந்தால், ஒரே இரவில் பத்து இருபது செத்திருந்தால் தீவனத்தை நிறுத்திவிட்டு, சாகும் நிலையில் உள்ள மீனை உயிரோடும், ஒரு லிட்டர் குளத்து நீரையும் எடுத்துக்கொண்டு மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்துக்கோ, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ போங்கள். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி, பயிற்சி மையங்கள் பல மாவட்டங்களில் இருக்கின்றன. தீவனம் தயாரிக்கும் பயிற்சிகளும் அங்கே நடக்கும். செத்து ஊறிய மீனைக் கொண்டுபோனால் அவர்களாலும் ஒன்றும் சொல்ல முடியாது.

விற்பனைக்கு முன்

அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே பூண்டை நிறுத்திவிடுவது என் வழக்கம். வாங்க வருபவர் மீனை முகர்ந்து பார்ப்பவர் என்றால் தேவையில்லாத பேச்சு வரும். அமுக்கரா, நெல்லியை மட்டும் உண்ணா நாள் வரும் வரை தொடரலாம். உயிர் மீனாக விற்பவர்களுக்கு இது கூடுதலாக முக்கியம், ஏனென்றால் அவர்கள் மீனுக்கு வலை, தொட்டி, வண்டி, சந்தை என்று நாலு அயர்ச்சி அடுத்தடுத்து வருகிறது. வலையை விடியற்காலையில், தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது, ஏரேட்டர் ஓட ஓட இழுங்கள். ஒரே இழுப்பில் முழுக் குளத்தையும் குவிக்காமல், வண்டி எவ்வளவு ஏற்றுமோ அவ்வளவு மட்டும் எடுங்கள். வண்டித் தொட்டியில் குளத்துத் தண்ணீரையே நிரப்பி, ஆக்சிஜன் குழாயைத் திறந்த பிறகு மீனை இறக்குங்கள். சந்தைக்குப் போய்ச் சேர்ந்ததும் தொட்டியில் எத்தனை செத்திருந்தது என்று ஓட்டுநரிடம் போன் போட்டுக் கேட்டு, மூலிகை கொடுத்த தேதிகளுக்குப் பக்கத்திலேயே அந்த எண்ணையும் எழுதி வையுங்கள்.